கதைக்கு ஓவியம் வரைவதில் முதுகலைப் படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவின்கலைக் கல்லூரி மாணவர்கள், பொறியியல் வேலையிலிருந்து வந்து இரவில் வரைந்துகொண்டிருப்பவர்கள், அவர்களுடைய பெற்றோர் என மூன்று தரப்பினரும் இந்தப் படிப்பைப் பற்றி என்னிடம் கேட்கும் ஐயங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. தனித்தனியே தொலைபேசியில் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். கட்டணம், விண்ணப்பத்தின் கடைசி நாள் போன்று ஆண்டுதோறும் மாறுபவற்றை அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்வதே நல்லது.

இல்லஸ்ட்ரேஷன் என்பதும் ஓவியம்தானே, அதற்குத் தனியாக ஒரு எம்.ஏ. எதற்கு?

நம் வார இதழ்களில் கதைத் தலைப்பின் கீழே "ஓவியம்" என்று போட்டு, பக்கத்தில் வரைந்தவரின் பெயரை அச்சிடுவார்கள். அந்தப் பக்கத்தில் இருப்பதுதான் இல்லஸ்ட்ரேஷன். சுவரில் மாட்டும் ஓவியம் தனியே நிற்கக்கூடியது; இதுவோ ஓர் எழுத்தோடு, ஒரு பக்கத்தோடு, ஒரு வாசகரோடு சேர்ந்து நிற்க வேண்டியது. எழுத்து சொல்லியதையே படமும் சொன்னால் ஒன்று வீண். எழுத்து விட்ட இடத்தைப் படம் எடுத்துக்கொள்ளும்போதுதான் வேலை நடக்கிறது.

கோடு போடவும் வண்ணம் கலக்கவும் இளங்கலையிலேயே கற்றுக்கொள்ளலாம். படத்துக்கும் சொல்லுக்கும் இடையே உள்ள இந்த உறவை ஓராண்டோ இரண்டாண்டோ விடாமல் ஆராய்வதற்காகவே முதுகலைப் படிப்பு இருக்கிறது. வரையக் கற்றுக்கொள்வதற்காக அதில் சேர விரும்புபவர்களிடம், அதற்கு இவ்வளவு பணம் செலவழிக்க வேண்டாம் என்றுதான் சொல்லிவருகிறேன்.

கோபுலுவும் சில்பியும் எம்.ஏ. படித்தா வரைந்தார்கள்?

இல்லை. ஆனால் அவர்கள் படிக்காமலும் வரவில்லை. கோபுலு கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்றவர். சில்பி சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். பின்னாளில் ஆதிமூலமும் டிராட்ஸ்கி மருதுவும் அதே சென்னை நிறுவனத்திலிருந்துதான் வந்தார்கள். அந்தத் தலைமுறைக்கு இதழ் அலுவலகமே முதுகலைப் பள்ளியாக இருந்தது. வாரம் தவறாமல் படம் கேட்கும் ஆசிரியர், அடுத்த மேசையில் இருக்கும் மூத்த ஓவியர், மறுவாரமே கடிதம் எழுதும் வாசகர் ஆகிய மூவரும் ஒரே இடத்தில் கிடைத்தார்கள்.

இன்று இதழ்களில் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தப்படும் ஓவியர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானோர் வீட்டிலிருந்து தனியாக வரைந்து மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். பதிலாக "ஓகே" என்ற ஒரு சொல் வருகிறது. முன்பு வேலையிடத்தில் கிடைத்த விமர்சனத்தை இப்போது காசு கொடுத்து வாங்கவேண்டியிருக்கிறது என்பதே இந்தப் படிப்பு பெருகியதற்கு நான் காணும் முதன்மையான காரணம். அத்தகைய விமர்சனம் உங்களுக்கு ஏற்கெனவே வேறு வழியில் கிடைத்துக்கொண்டிருந்தால் பட்டம் கட்டாயமில்லை.

தமிழ்நாட்டிலேயே இதைப் படிக்க முடியுமா?

இல்லஸ்ட்ரேஷன் என்ற பெயரிலேயே முதுகலைப் பட்டம் தரும் அரசு நிறுவனங்களை இந்தியாவில் காண்பது அரிது. வேறு பெயருள்ள துறைக்குள் இருந்துகொண்டுதான் இதைச் செய்யவேண்டும். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் எம்.எஃப்.ஏ. என்னும் நுண்கலை முதுகலை படிக்கலாம். அங்கே காட்சித் தொடர்பு வடிவமைப்புத் துறை இதற்கு அருகில் இருக்கிறது. தகட்டில் செதுக்கி அச்செடுக்கும் பதிப்போவியத் துறையையும் ஒதுக்கிவிட வேண்டாம். லினோவிலும் செப்புத் தகட்டிலும் உழைத்த கைக்கு, எந்தக் கோடு அச்சில் நிற்கும், எது நிற்காது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

வெளி மாநிலங்களில் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம், மும்பை ஐ.ஐ.டி.யின் ஐ.டி.சி. வடிவமைப்புப் பள்ளி, பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம், சாந்திநிகேதனின் கலாபவன் ஆகியவை முக்கியமானவை. முதல் இரண்டிலும் வரைகலை, அனிமேஷன், தொடர்பு வடிவமைப்பு போன்ற பிரிவுகளில் சேர்ந்து, இறுதித் திட்டத்தைப் படநூலாகவோ வரைகதையாகவோ அமைத்துக்கொள்ள முடியும். பின்னிரண்டும் நுண்கலை மரபைச் சேர்ந்தவை. அங்கே உங்கள் வேலையை "வணிகக் கலை" என்று சற்றுத் தாழ்வாகப் பார்ப்பவர்களையும் சந்திக்க நேரலாம். அது இந்தத் துறைக்குப் பழகிப்போன விஷயம்.

நான் பி.இ. மெக்கானிக்கல். ஓவியப் பட்டம் இல்லாமல் விண்ணப்பிக்கலாமா?

எம்.டெஸ். எனும் வடிவமைப்பு முதுகலைப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஐ.ஐ.டி.களுக்கான சீட் (CEED) நுழைவுத் தேர்வை, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் குறைந்தது மூன்றாண்டுப் பட்டம் பெற்ற எவரும் எழுதலாம். பாடம் எதுவாக இருந்தாலும் தடையில்லை. வயது வரம்பும் கிடையாது. முதல் பகுதி கணினியிலும், இரண்டாம் பகுதி தாளில் வரைந்தும் எழுதப்படுகிறது. மதிப்பெண் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு டாட் (DAT) என்ற தனித் தேர்வு முதல்நிலை, முதன்மை என்று இரு கட்டங்களாக நடக்கிறது.

எம்.எஃப்.ஏ.வுக்குப் பெரும்பாலும் பி.எஃப்.ஏ. அல்லது அதற்கு நிகரான பட்டம் கேட்பார்கள், ஆகவே அங்கே உங்களுக்கு வழி குறுகலானது. இங்கிலாந்தின் பல எம்.ஏ. படிப்புகளில் பட்டத்தின் பாடத்தைவிடப் போர்ட்ஃபோலியோ எனும் படத்தொகுப்புக்கே கனம் அதிகம். இயந்திர வரைபடம் போட்ட பழக்கத்தை மறைக்கவேண்டாம். ஒரு பம்புசெட்டைக் குழந்தைக்குப் புரியும்படி வெட்டிக் காட்டத் தெரிந்தவர்கள் இந்தத் துறையில் அதிகம் இல்லை.

எம்.ஏ., எம்.எஃப்.ஏ., எம்.டெஸ். மூன்றும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. இங்கிலாந்தின் எம்.ஏ. பொதுவாக 180 கிரெடிட் கொண்டது. ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்று கணக்கிடுவதால் ஏறத்தாழ 1,800 மணி நேரம் ஆகிறது. முழுநேரமாகப் படித்தால் ஓராண்டு முதல் பதினெட்டு மாதங்கள் வரை ஆகும். அமெரிக்காவின் எம்.எஃப்.ஏ. பெரும்பாலும் இரண்டாண்டு, அந்நாட்டில் கலைத்துறையின் இறுதிப் பட்டமாக அது மதிக்கப்படுவதால், கல்லூரியில் கற்பிக்க அதுவே போதும். நியூயார்க்கின் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸில் மார்ஷல் அரிஸ்மன் 1984-இல் தொடங்கிய எம்.எஃப்.ஏ., படத்தையே கட்டுரைபோல எழுதப் பழக்கும் படிப்பாகப் பெயர்பெற்றது. எம்.டெஸ். என்பது வடிவமைப்புப் பட்டம். இந்தியாவில் இரண்டு முதல் இரண்டரை ஆண்டுகள் ஆகும். அதில் பயனாளர் ஆய்வும் குழு வேலையும் கூடுதலாக இருக்கும்.

குழந்தைகள் புத்தகத்துக்கு வரையத்தான் எனக்கு ஆசை. எந்த நாடு நல்லது?

கேம்பிரிட்ஜிலுள்ள ஆங்லியா ரஸ்கின் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் சாலிஸ்பரி தொடங்கிய குழந்தைநூல் ஓவிய எம்.ஏ. இந்தத் துறையில் மிகவும் அறியப்பட்டது. அதைத் தவிர லண்டனின் கேம்பர்வெல், கிங்ஸ்டன், ஃபால்மத், எடின்பரோ ஆகிய இடங்களில் பொதுவான இல்லஸ்ட்ரேஷன் முதுகலைகள் உள்ளன. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரின் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம் ஓவியர்களிடையே பெயர்பெற்றது. அந்நாட்டின் அரசு நிறுவனங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலமோ 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. கட்டணம் இல்லை என்று மகிழும் முன் ஜெர்மன் மொழியை எண்ணிப் பார்க்கவேண்டும். விமர்சன வகுப்பில் ஆசிரியர் உங்கள் படத்தைப் பற்றி என்ன சொன்னார் என்பது புரியாவிட்டால் அங்கே போனதே வீண்.

சென்னையிலேயே தாரா, தூலிகா போன்ற பதிப்பகங்கள் உலகம் கவனிக்கும் குழந்தைநூல்களை உருவாக்கியிருக்கின்றன. தாராவின் நூல்கள் சிலவற்றில் வரைந்தவர்கள் பஜ்ஜு ஷியாம் போன்ற கோண்டு ஓவியர்கள். எந்த நாட்டின் முதுகலையும் அவர்களுக்கு அந்தக் கோட்டைக் கற்றுத்தரவில்லை. வெளிநாட்டுக்குப் போவதற்கு முன் இந்த நூல்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். நேர்காணலில் உங்கள் ஊரின் படநூல்களைப் பற்றிக் கேட்கும்போது விழிப்பவர்கள் நிறையப் பேர்.

ஒரே வருஷத்தில் அப்படி என்ன கற்றுக்கொண்டுவிட முடியும்?

குறைவாகத்தான் கற்பிப்பார்கள். மேலே சொன்ன 1,800 மணி நேரத்தில் பெரும்பகுதி நீங்கள் தனியாக உழைப்பது. வாரத்தில் ஓரிரு நாள் மட்டுமே ஆசிரியரைப் பார்ப்பீர்கள். "இவ்வளவு கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பே எடுக்கவில்லை" என்று முதல் மாதத்தில் குறைபடாத இந்திய மாணவரை நான் கண்டதில்லை.

என்ன நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். படநூல்கள் பெரும்பாலும் 32 பக்கங்கள் கொண்டவை. நம் அச்சக மொழியில் சொன்னால் இரண்டு ஃபாரம். ஒரு தாளை மடித்தால் 16 பக்கம் வருவதால் ஏற்பட்ட கணக்கு அது. தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம் போன்றவை போக, கதைக்குக் கிடைப்பவை ஏறக்குறைய பன்னிரண்டு, பதின்மூன்று இரட்டைப் பக்கங்கள்தான். பாட்டி காணாமல் போன கதையை வைத்திருக்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். அவர் காணாமல் போனது வலப்பக்கத்தில் தெரியவேண்டுமா, தாளைப் புரட்டிய பிறகு தெரியவேண்டுமா? அவருடைய முகம் நடுமடிப்பில் விழுந்தால் என்ன ஆகும்? "வீடு வெறிச்சென்று இருந்தது" என்ற வரியை நீக்கிவிட்டு வெறும் நாற்காலியை மட்டும் வரைந்தால் போதுமா?

இதற்காகக் கையளவு டம்மி நூல், அதாவது மாதிரி நூல் ஒன்று செய்து, பத்துப் பேர் முன் புரட்டிக் காட்டி, அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே முன்பக்கத்துக்குத் திரும்புகிறார்கள் என்று கவனித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து செய்கிறோம். ஒரே கதைக்கு ஏழெட்டு டம்மி ஆவது சாதாரணம். வீட்டில் தனியாக இருந்தால் இரண்டாவது டம்மியோடு நிறுத்திவிடுவோம்.

போர்ட்ஃபோலியோவில் எத்தனை படம் வைக்கவேண்டும்? பென்சிலில் போட்ட நடிகர் படங்கள் எனக்கு நன்றாக வரும், அதை வைக்கலாமா?

பல இடங்களில் 15 முதல் 20 படங்கள் கேட்பார்கள். கேட்ட எண்ணிக்கையைத் தாண்டவேண்டாம். எண்ணிக்கையைவிட வரிசை முக்கியம். தனித்தனியாக அழகான இருபது படங்களைவிட, ஒரே பாத்திரம் ஐந்து படங்களில் ஐந்து மனநிலையில் தொடர்ந்து வருவது தேர்வாளருக்கு அதிகம் சொல்லும். முடிந்த படத்தோடு, அது உருவான கிறுக்கல்களையும் கைவிட்ட முயற்சிகளையும் சில பக்கங்களில் காட்டவேண்டும்.

நடிகர் படங்களை வைக்கவேண்டாம். புகைப்படத்தைப் பார்த்து அச்சாக வரைவதற்குப் பொறுமையும் கைத்திறனும் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. நம் ஊரில் வரையத் தெரிந்தவர் என்ற பெயரை முதலில் வாங்கித் தருவதும் அதுதான். ஆனால் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்ற முடிவைப் புகைப்படக்காரர் ஏற்கெனவே எடுத்துவிட்டார். தேர்வாளர்கள் தேடுவது அந்த முடிவை நீங்கள் எப்படி எடுக்கிறீர்கள் என்பதை. கோயம்பேடு பேருந்து நிலையத்தில் மூட்டையின்மேல் உறங்குபவரையும், டீக்கடையில் கண்ணாடி தம்ளர் கழுவும் கையையும் அங்கேயே நின்று பத்து நிமிடத்தில் வரைந்த கோணல்மாணலான பக்கம், பத்து நாள் நிழல் தேய்த்த நடிகர் படத்தைவிட உங்களுக்கு உதவும். சில்பி கோயில்களுக்குள் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐபேடில் மட்டும்தான் வரைவேன். கையால் வரைந்தது கட்டாயமா?

எழுதப்பட்ட விதியாக இருப்பது குறைவு. இருந்தாலும் குறிப்பேட்டுப் பக்கங்கள் கேட்பார்கள். சீட் தேர்வின் இரண்டாம் பகுதியில் தாளும் பென்சிலும்தான். திரையில் ஒரு கோட்டை நூறு முறை அழிக்கலாம் என்பதால், அந்தக் கோட்டைப் பற்றி முடிவெடுக்கும் பழக்கம் பலருக்கு வருவதே இல்லை. மூன்று மாதம் மைப் பேனாவில் வரைந்து பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்புங்கள்.

எஸ்.ஓ.பி. எழுத ஏஜென்சி பத்தாயிரம் கேட்கிறது. கொடுக்கலாமா?

கொடுக்கவேண்டாம். நோக்க அறிக்கையில் "சிறுவயது முதலே ஓவியத்தின்மீது எனக்கு ஆர்வம்" என்று தொடங்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. நீங்கள் செய்ய விரும்பும் நூல் அல்லது ஆராய விரும்பும் கேள்வி ஒன்று, அதை ஏன் அந்த நிறுவனத்தில் செய்யவேண்டும், இதுவரை அதற்காக என்ன முயன்றீர்கள் என்ற மூன்றையும் எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும். "நல்ல ஓவியராக வேண்டும்" என்பது கேள்வியாகாது. "கேட்கும் திறனற்ற குழந்தைக்கு மழையின் ஓசையை எப்படி வரைவது" என்பது கேள்வி. அப்படி ஒன்று இன்னும் உருவாகவில்லையென்றால், ஓராண்டு பொறுத்து விண்ணப்பிப்பதில் நட்டம் ஏதுமில்லை.

ஐ.இ.எல்.டி.எஸ். வேண்டுமா? நான் தமிழ்வழியில் படித்தவள், கட்டுரையெல்லாம் எழுதவேண்டுமா?

பல இங்கிலாந்து நிறுவனங்கள் இந்த ஆங்கிலத் திறன் தேர்வில் மொத்தம் 6.5 என்ற அளவைக் கேட்கின்றன. கட்டுரையும் உண்டு, ஆனால் அது உங்கள் வேலையைச் சுற்றியே இருக்கும். தமிழில் சிந்தித்து எழுதிப் பழகியவர்களுக்கு ஆங்கில இலக்கணம் இடறினாலும் சொல்வதற்கு விஷயம் இருக்கும், அதுவே பெரிது. உங்கள் படநூலைத் தமிழிலேயே எழுதி, கீழே ஆங்கிலம் வைத்துக் காட்டலாமா என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

என் மகள் பிடிவாதமாக இருக்கிறாள். இவ்வளவு கடன் வாங்கிப் படித்தால் சோறு போடுமா?

நேர்மையாகச் சொன்னால், படித்து முடித்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் நூல் ஓவியத்தை மட்டும் நம்பி வெளிநாட்டுக் கல்விக் கடனைக் கட்டுவது மிகக் கடினம். பெரும்பாலோர் விளம்பரம், பாடநூல், விளையாட்டுச் செயலி, அனிமேஷன் ஆகியவற்றில் வேலை செய்துகொண்டே நூல்களுக்கும் வரைகிறார்கள். வங்கிகள் வழக்கமாக ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கும். அந்தப் பிணை குடியிருக்கும் வீடாக இருந்தால், மகளோடு உட்கார்ந்து மாதத் தவணையைக் கணக்கிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

உதவித்தொகைகளில் பிரிட்டிஷ் அரசின் செவனிங், இன்லாக்ஸ் அறக்கட்டளையின் உதவித்தொகை இரண்டும் கலைக்கும் இடம் தருபவை. செவனிங்குக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும். படித்தபின் இரண்டாண்டு தாய்நாட்டில் இருக்கவேண்டும். அது ஓராண்டுப் படிப்புக்கானது என்பதால், பதினெட்டு மாத எம்.ஏ.வுக்கும் இரண்டாண்டு எம்.எஃப்.ஏ.வுக்கும் பொருந்தாது. இதைக் கவனிக்காமல் விண்ணப்பித்து ஓராண்டை இழந்தவர்கள் உண்டு. 1892 முதல் நடந்துவரும் ஜே.என். டாட்டா அறக்கட்டளை தருவது கடன் உதவித்தொகை, திருப்பிச் செலுத்தவேண்டும். இங்கிலாந்து விசாவுக்கான பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்கவேண்டும் என்பதையும் முன்கூட்டியே திட்டமிடவேண்டும்.

எனக்கு 38 வயது, இரண்டு குழந்தைகள். இனிமேல் போய்ப் படிக்கமுடியுமா?

வயது ஒரு தடையே இல்லை. இந்த வகுப்புகளில் நாற்பதைத் தாண்டியவர்களைச் சாதாரணமாகக் காணலாம். உங்களுக்கான தடை வேறு. 2024 ஜனவரி முதல் இங்கிலாந்தில் பாடவழி முதுகலை படிக்க வருவோர் துணைவரையும் பிள்ளைகளையும் உடன் அழைத்துவர முடியாது. படித்தபின் தங்கி வேலை தேடும் விசா இரண்டாண்டுக்குக் கிடைத்துவந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது பதினெட்டு மாதம். குழந்தைகளைப் பிரிந்திருக்க முடியாதென்றால் இந்திய எம்.டெஸ். அல்லது தொலைவழியில் பகுதிநேரமாகப் படிக்கும் எம்.ஏ.வைப் பாருங்கள்.

படித்துவிட்டுக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர எண்ணம். எந்தப் பட்டம் செல்லும்?

இந்தியாவில் உதவிப் பேராசிரியராவதற்கு வழக்கமான வழி, முதுகலையில் 55 விழுக்காட்டோடு யு.ஜி.சி. நெட் தேர்வில் காட்சிக் கலைப் பாடத்தை எழுதித் தேறுவது. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 விழுக்காடு போதும். வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்கு நிகரானது என்ற இணைச் சான்று கேட்பார்கள், ஓராண்டு எம்.ஏ.வை நினைப்பவர்கள் சேர்வதற்கு முன்பே இதை விசாரித்துவிடவேண்டும். ஆசிரியப் பணியே உங்கள் குறிக்கோள் என்றால் இரண்டாண்டுப் பட்டம் தலைவலியைக் குறைக்கும்.

படிக்கும்போதே ஒரு பதிப்பகம் வேலை கொடுத்தது. வரைந்த படம் என்னுடையதா, அவர்களுடையதா?

எழுத்தில் எதுவும் இல்லாமல் வரைந்துகொடுத்தவர்களுக்கு இந்தப் பதில் கசக்கும். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாகப் படைத்தவரே முதல் உரிமையாளர். ஆனால் 17-ஆம் பிரிவில் விலக்குகள் உள்ளன. ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து வரையவைத்த ஓவியத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் ஆகிறார். ஒரு பக்கமேனும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு கொள்கிறது. படைத்தவர் என்று பெயரிடக் கோரும் உரிமை, பதிப்புரிமையைக் கொடுத்துவிட்ட பிறகும் 57-ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கும். வகுப்பில் வரைந்தவற்றுக்குச் சேர்க்கையின்போது கையெழுத்திட்ட தாளைப் படித்துப் பாருங்கள்.

ஏ.ஐ. பத்து விநாடியில் படம் போட்டுவிடுகிறதே, இனி இதைப் படித்து என்ன பயன்?

விலை குறைவான அட்டைப்படம், விளம்பரத்துக்கான அலங்காரப் படம் போன்ற வேலைகள் குறைந்துவருவதை மறைப்பதில் பயனில்லை. புதிதாக வருபவர்கள் காலூன்றும் படிகளாக இருந்தவை அவைதான். ஆகவே அடி விழுவது மூத்தவர்களைவிட மாணவர்களுக்கே அதிகம். மேலே சொன்ன பாட்டியின் நாற்காலியை மென்பொருள் நொடியில் வரைந்துவிடும். அந்த வரியை நீக்கிவிட்டு நாற்காலியை மட்டும் வைக்கலாம் என்று முடிவெடுப்பதும், அதைப் பத்துப் பேரிடம் காட்டித் தவறென்று கண்டு மாற்றுவதும் இன்னும் மனிதர் வேலையாக இருக்கின்றன. படிப்பு பழக்குவது அந்தப் பகுதியைத்தான். விண்ணப்பத்தில் அத்தகைய கருவிகளைப் பயன்படுத்தியிருந்தால் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்; பிடிபட்டால் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

இரண்டு இடத்தில் மறுத்துவிட்டார்கள். காரணமும் சொல்லவில்லை. அதே போர்ட்ஃபோலியோவை வேறு இடத்துக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் ஒரு சோதனை செய்துவிட்டு அனுப்புங்கள். படங்களை எல்லாம் அச்செடுத்துத் தரையில் பரப்பி, உங்களைத் தெரியாத ஒருவரை அழைத்து, எவையெல்லாம் ஒரே ஆள் வரைந்தவை என்று பிரிக்கச் சொல்லுங்கள். நான்கு குவியலாகப் பிரித்தார் என்றால், நான்கு பிறருடைய பாணிகளை நீங்கள் பழகியிருக்கிறீர்கள் என்று பொருள். பெரும்பாலான மறுப்புக்கு நான் கண்ட காரணம் அதுவே. அந்தக் குவியல்களில் எது மிகவும் கோணலாக, ஆனால் உங்களுக்கே விருப்பமானதாக இருக்கிறதோ, அதிலிருந்து மட்டும் பத்துப் படங்கள் புதிதாக வரைந்து சேர்த்துவிட்டு மூன்றாவது இடத்துக்கு அனுப்புங்கள்.